ஆகஸ்ட்டில் பார்த்த கிடா அக்டோபரில் எங்கே போகிறது?

வாசகர் கேள்வி: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ பக்கம் வசிக்கிறேன். இரண்டு சீசனாக டில்லமுக் காட்டுக்குக் கருவால் மான் வேட்டைக்குப் போய் வருகிறேன். பெண் மான்களும், சின்னக் கொம்பு வைத்த இளங்கிடாக்களும் கண்ணில் படுகின்றன. முதிர்ந்த கிடா ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆகஸ்ட்டில் காட்டில் கட்டி வைத்த கேமராவில் விழுந்த பெரிய கிடாக்கள் அக்டோபரில் காணாமலே போய்விடுகின்றன. வாரா வாரம் இடத்தை மாற்றியும் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: கடைசிக்கு முந்திய வரியிலேயே விடை இருக்கிறது. இடம் மாற்றுவதுதான் தப்பு. உங்கள் ஆகஸ்ட் கிடா வேறு ஊருக்குப் போய்விடவில்லை. அநேகமாக உங்கள் கேமராவிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் படுத்திருக்கிறது. நீங்கள்தான் அதை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

பிளாக்டெயில் என்று இங்கே எல்லோரும் சொல்லும் கருவால் மான், ராக்கி மலைப் பக்கத்து மியூல் மானின் உறவு. அதே இனத்தின் மேற்குக் கரைக் கிளை. ஆனால் வாழும் முறை வேறு. மியூல் மான் திறந்த வெளியில் மேயும், பனி விழுந்தால் பல மைல் இறங்கிப் போகும். கேஸ்கேட் மலையின் உயரத்தில் இருக்கும் கருவால் மான்களும் பனியோடு கீழே இறங்குவதுண்டு. நீங்கள் போகும் கரையோர மலைத்தொடரில் அந்தக் கதை இல்லை. அங்கே பெரும்பாலான மான்கள் வருடம் முழுக்க ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. பெண் மானின் வட்டாரம் பல நேரம் ஒரு சதுர மைல்கூட இருக்காது. கிடாவின் வட்டாரம் அதைவிடக் கொஞ்சம் பெரிது, இணைசேரும் காலத்தில் இன்னும் விரியும். அவ்வளவுதான்.

அப்படியானால் அக்டோபரில் ஏன் கண்ணில் படுவதில்லை? கோடையில் கொம்பின் மேல் மென்தோல் இருக்கும். அப்போது கிடாக்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, நல்ல தழை கிடைக்கும் வெட்டவெளி ஓரங்களில் பகலிலேயே மேயும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் தோல் உரிந்து கொம்பு கெட்டிப்படும். அத்தோடு கூட்டு கலையும். ஒவ்வொன்றும் தனியாக அடர்ந்த புதருக்குள் ஒதுங்கி, இரவில்தான் வெளியே வரும். வேட்டைக்காரர்களின் வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் உள்ளே போகும். நான்கைந்து வயதைத் தாண்டிய கிடா அந்த வயதுக்கு வந்ததே இப்படி ஒளிந்து பழகியதால்தான்.

டில்லமுக் காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது தெரிந்தால் மான் எங்கே என்பது பாதி புரிந்துவிடும். அந்தக் காடு 1933-ல் எரிந்தது. பிறகு 1939, 1945, 1951 என்று ஆறு வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எரிந்தது. இப்போது நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு நட்டும் விதைத்தும் வளர்த்த டக்ளஸ் ஃபர். ஒரே வயது மரங்கள், மேலே கிளை மூடி, அடியில் வெளிச்சம் குறைவு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மானுக்குத் தின்ன அங்கே அதிகம் இல்லை. தீனி இருப்பது வெயில் விழும் இடத்தில்: மரம் வெட்டி எடுத்த கிளியர்கட், ஆல்டர் நிற்கும் ஓடைக்கரை, சாலையோரம், மண் சரிந்த இடம். வெட்டி மூன்று நான்கு வருடம் ஆன கிளியர்கட்டில் காட்டு பிளாக்பெர்ரி, ஹக்கிள்பெர்ரி, ஃபயர்வீட், வைன் மேப்பிள் தளிர் எல்லாம் முளைத்துக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனதும் நட்ட கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்து, மனிதன் நுழைய முடியாத நாற்றுக்காடாகிவிடும். ரீபிராட் என்று சொல்வார்களே, அது. மேய்ச்சலுக்கு இளம் கிளியர்கட், படுக்கைக்கு ரீபிராட். இரண்டும் ஒன்றையொன்று தொடும் ஓரத்தைப் பிடியுங்கள். நடுவே ஓடையும் இருந்தால் வேறு இடம் தேடவே வேண்டாம்.

வரைபடத்தில் இப்படி ஒரே ஒரு சதுர மைலைத் தேர்ந்தெடுங்கள். இந்த சீசன் முழுக்க அங்கே மட்டும் போங்கள். முதல் வேலை, பெண் மான்கள் எங்கே மேய்கின்றன, எந்த வழியாக வருகின்றன என்று அறிவது. இதை வேண்டா வெறுப்பாகச் செய்யாதீர்கள். இத்தனை நாள் பெண் மான்களைப் பார்த்து ஏமாற்றத்தோடு திரும்பினீர்கள் இல்லையா, அவைதான் உங்களைக் கிடாவிடம் கூட்டிப்போகப் போகின்றன. இரண்டாவது, கொம்பு தேய்த்த மரங்கள். தடத்தை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மணிக்கட்டுப் பருமனோ அதற்கு மேலோ உள்ள மரத்தில் பட்டை உரிந்து, நார் தொங்கி, பிசின் இன்னும் ஈரமாக இருந்தால், அங்கே பெரிய கிடா நடமாடுகிறது. இப்படி நான்கைந்து மரங்கள் ஒரு வரிசையில் வந்தால் அதுதான் அதன் வழி. அந்த வரிசையைச் சரிவில் மேல்நோக்கித் தொடர்ந்தால், பல நேரம் ஒரு சின்னச் சமதளத்தில் போய் முடியும். சரிவின் மேல்பாதியில், முதுகுக்குப் பின்னால் புதர், முன்னால் கீழே பார்க்க இடம். படுக்கை அங்கேதான். அந்த இடத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். தெரிந்துகொண்டு திரும்புங்கள்.

அடுத்தது நாள். மேற்கு ஓரிகனில் துப்பாக்கி சீசன் பொதுவாக அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை ஓடும். இணைசேரும் காலத்தின் உச்சம் நவம்பர் நடுவில். அதாவது சீசன் முடியும் நேரத்தில்தான் கிடாக்கள் பெண் மான்களைத் தேடிப் பகலில் நடக்கத் தொடங்குகின்றன. உங்களுக்குப் பத்து நாள் விடுமுறை இருந்தால், முதல் வாரத்தில் இரண்டு நாள்கூடச் செலவழிக்காதீர்கள். மிச்சம் எல்லாவற்றையும் அக்டோபர் 25-க்குப் பிறகு வையுங்கள். அந்த நாட்களில் காலை ஒன்பதுக்கு முகாமுக்குத் திரும்பி காபி போடுவதும் வேண்டாம். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே, மற்றவர்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கிடா ஒரு பெண் மான் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வாஷிங்டன் மாநிலத்தில் நவம்பர் நடுவில் சில பகுதிகளுக்குத் தனியாக நான்கு நாள் பின்சீசன் விடுகிறார்கள். அதற்கு ஏன் அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்று இப்போது புரியும்.

மழை வந்தால் கிளம்புங்கள். ஈரத்தில் சருகு சத்தம் போடாது. கொட்டும் மழையைவிட, பெரிய மழை விட்டுத் தூறலாக மாறும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் தங்கம். புயல் காற்றடித்த மறுநாள் காலையில் வயதான மரங்களுக்குக் கீழே பாருங்கள். கிளைகளிலிருந்து உதிர்ந்த பச்சை நிற மரப்பாசி தரையில் கிடக்கும், மான்கள் அதைத் தேடி வந்து தின்னும்.

மழை எவ்வளவு உதவினாலும் காற்று காட்டிக்கொடுத்துவிட்டால் எல்லாம் வீண். மலைச்சரிவில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறி மண் சூடானதும் மேல்நோக்கித் திரும்பும். சாயங்காலம் மறுபடி இறங்கும். காலையில் மேலிருந்து கீழே வந்தால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். சின்ன டப்பாவில் வாசனையில்லாத பவுடர் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். காற்று தப்பாக இருந்தால் அன்று அந்தப் படுக்கைப் பக்கம் போகவே வேண்டாம். அந்த ஒரு நாளை இழப்பது பரவாயில்லை. கிடா உங்களை ஒருமுறை மோந்துவிட்டால் ஒரு வாரமே போய்விடும்.

இனி நடை. நீங்கள் ஒரு காலையில் மூன்று மைல் நடப்பதாக எழுதவில்லை, ஆனால் வாரா வாரம் இடம் மாற்றுபவர் வேகமாகத்தான் நடப்பார். நான் நல்ல இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு நூறு கஜம் போவேன். இரண்டு அடி வைத்து, ஒரு மரத்தடியில் நின்று, தொலைநோக்கியால் ஒவ்வொரு இடுக்கையும் பார்ப்பேன். நாற்பது கஜ தூரத்துக்குத் தொலைநோக்கி எதற்கு என்று கேட்பீர்கள். வெறுங்கண்ணுக்குப் பச்சைச் சுவராகத் தெரியும் புதரில், அதில் பார்த்தால் உள்ளே இருக்கும் வெளிகள் பிரிந்து தெரியும். முழு மானைத் தேடாதீர்கள். துண்டு துண்டாகத் தேடுங்கள்.

சில வருடத்துக்கு முன் நவம்பர் முதல் வாரத்தில், தூறல் விட்டிருந்த ஒரு காலையில், ஆல்டர் ஓடைக்கு மேலே அப்படி நின்றுகொண்டிருந்தேன். நனைந்த சலால் இலைகளுக்கு மேல் ஏதோ ஒன்று சொடுக்கி, தண்ணீர் தெறித்தது. ஒரு காது. அதற்குப் பக்கத்தில் நான் கிளை என்று நினைத்துப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது கொம்பு. ஈரமான ஆல்டர் பட்டையின் அதே பழுப்பு. முகம் தெரிந்தபோது நெற்றி கறுத்து, மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. ஐம்பது கஜம்கூட இருக்காது, நடுவே இலை. காத்திருந்தேன். கழுத்தின் பின்புறம் காற்று சில்லென்று பட்டது, அதோடு அது எழுந்து போய்விட்டது. ஓடவில்லை, நடந்தே போனது. இரண்டு நாள் கழித்து, காற்று சரியாக இருந்தபோது, ஓடையின் மறுகரையில் அதே கிடாவைப் பார்த்தேன். முதலில் பார்த்த இடத்திலிருந்து நூற்றைம்பது கஜம்தான். அன்று வேறு மலைக்குப் போயிருந்தால் அதை மறுபடி பார்த்திருக்க மாட்டேன்.

கொம்பு மோதும் சத்தம் எழுப்பி அழைப்பது கருவால் மானிடம் நன்றாகவே பலிக்கும், அக்டோபர் கடைசியிலிருந்து. அரை நிமிடம் தட்டிவிட்டு இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். அது சத்தமில்லாமல், காற்றை மோந்துகொண்டு, பெரும்பாலும் உங்களுக்குக் காற்று போகும் பக்கமாகச் சுற்றி வரும். அந்தப் பக்கம் கொஞ்சம் திறந்த இடமாக இருக்கும்படி உட்காருங்கள். முதுகுக்கு ஒரு பெரிய மரம் வேண்டும். மான் சத்தம் கேட்டு கூகர் என்ற மலைச்சிங்கமும் வரும் காடு அது.

முதிர்ந்த கிடாவை எப்படி அடையாளம் காண்பது? கொம்பின் கிளையை எண்ணாதீர்கள். மேற்கில் எண்ணிக்கையும் ஒரு பக்கத்துக்குத்தான் சொல்வார்கள், மூன்று பாயின்ட் என்றால் ஒரு பக்கம் மூன்று. நல்ல வயதான கருவால் கிடாக்கள் இரண்டு கிளையோடு நின்றுவிடுவதும் உண்டு. உடம்பைப் பாருங்கள்: தோளோடு ஒட்டிய தடித்த கழுத்து, தொங்கிய வயிறு, கொம்பின் அடிப்பருமன். அதே நேரம் உங்கள் பகுதியில் எத்தனை கிளை இருந்தால் சுடலாம் என்பது விதிப் புத்தகத்தில் இருக்கும், அது இடத்துக்கு இடம் மாறும், ஒவ்வொரு வருடமும் படியுங்கள்.

சுடுவதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். அடர்காட்டில் தூரம் குறைவு, ஆகவே துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியைக் குறைந்த உருப்பெருக்கத்தில், இரண்டு மடங்கில் வையுங்கள். மழைக்கு லென்ஸ் மூடி போடுங்கள். சூரிய மறைவுக்குப் பின் அரை மணி நேரம் வரை சட்டம் அனுமதிக்கிறது. மழை பெய்யும் சாயங்காலத்தில் நான் அதற்கு முன்பே துப்பாக்கியை இறக்கிவிடுவேன். ரத்தத் தடம் மழையில் சில நிமிடத்தில் கரைந்துவிடும், இருட்டில் சலால் புதருக்குள் காயம்பட்ட மானைத் தேடி அலைவது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை. தோளுக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். சுட்டதும் அது நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் இரண்டு மரங்களை வைத்து மனதில் குறித்துக்கொண்டு, ஆரஞ்சு நாடா கட்டிவிட்டு நடங்கள்.

அப்புறம், இங்கே ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கு ஒரு விதிவிலக்கு. லைசென்ஸ் காலாவதியானால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும், அலமாரியில் பூட்டி வைத்திருந்தாலும் பிரச்சினைதான். புது வருடம் பிறந்ததும் முதல் வேலையாகப் புதுப்பித்துவிடுங்கள். மர நிறுவனங்களின் நிலத்துக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும், கேட்டில் ஒட்டியிருக்கும் பலகையை நின்று படியுங்கள். வாஷிங்டனுக்குப் போனால் துப்பாக்கி சீசனில் ஆரஞ்சு அல்லது பிங்க் மேலாடை கட்டாயம். ஓரிகனில் பெரியவர்களுக்குக் கட்டாயமில்லை, இருந்தாலும் போடுங்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது, பக்கத்துச் சரிவில் இருக்கும் மனிதனுக்குத் தெரியும்.

மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஓரிகன் வனவிலங்குத் துறைக்கு வேட்டை விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். கிடைத்தால் முன்பல் ஒன்றையும் எடுத்து அனுப்புங்கள். பல்லின் வேரில் மரவளையம் போல விழும் கோடுகளை எண்ணி வயதைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் காட்டில் கிடாக்கள் எத்தனை வயது வரை வாழ்கின்றன என்பதை அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

கிடைக்காவிட்டால், பிப்ரவரி கடைசியில் அதே சதுர மைலுக்குப் போங்கள். அப்போது படுக்கைக்குள்ளும் தாராளமாக நுழையலாம். இலை உதிர்ந்து வழிகள் கோடு போட்டதுபோல் தெரியும், தேய்த்த மரங்களின் தழும்பு இன்னும் வெளுப்பாக இருக்கும், உதிர்ந்த கொம்புகூடக் கிடைக்கலாம். கிடைத்த இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வரும் அக்டோபர் 25-க்கு அங்கிருந்து தொடங்கலாம்.