இறந்த தந்தையின் ஓய்வூதியத்தைத் திருப்பிக் கேட்டால் பிள்ளைகள் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து 2004இல் ஓய்வுபெற்ற என் அப்பா சென்ற ஆண்டு 78ஆம் வயதில் காலமானார். அம்மா தக்கலைக்கு அருகே எங்கள் வீட்டில் இருக்கிறார். கருவூலத்துக்கு யாரும் தகவல் சொல்லாததால் அப்பா இறந்த பிறகும் ஐந்து மாத ஓய்வூதியம் அவர் கணக்கில் வரவாகியிருக்கிறது. மூத்த அண்ணன் அதை ஏ.டி.எம். அட்டையில் எடுத்து, ஆஸ்பத்திரி பாக்கியையும் அடக்கச் செலவையும் தீர்த்ததாகச் சொல்கிறார். அந்த ஐந்து மாதத் தொகையையும், 1998ஆம் ஆண்டு ஊதிய நிர்ணயப் பிழையால் அப்பாவுக்குக் கூடுதலாகப் போனதாகச் சொல்லப்படும் 1,12,400 ரூபாயையும் வாரிசுகள் கட்ட வேண்டும் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. கருங்கல்லில் கட்டிக்கொடுக்கப்பட்ட நானும், இரண்டு அண்ணன்மாரைப் போலவே, மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்கிறார் மூத்த அண்ணன். ஸ்ரீதனம் வாங்கிவிட்டதால் புரையிடத்திலும் (வீட்டு மனை) ரப்பர் விளையிலும் (தோட்டம்) எனக்குப் பங்கில்லை என்று சொல்பவரும் அதே அண்ணன்தான். பணம் கட்டாவிட்டால் வீட்டை ஜப்தி செய்வார்களா? நாங்கள் கிறிஸ்தவர்கள்.

பதில்: ஒரே கடிதத்தில், ஒரே கூட்டுத்தொகையாக வந்திருப்பதால் இதை ஒரே கடன் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் இதில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்குப் பொருந்தாது. இரண்டையும் பிரிக்காமல் ‘கட்டுகிறோம்’ என்றோ ‘கட்ட மாட்டோம்’ என்றோ எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஐந்து மாதப் பணம். ஓய்வூதியம் இறந்த நாள் வரைதான் உண்டு. அடுத்த நாளிலிருந்து கணக்கில் விழுந்த தொகை உங்கள் அப்பாவின் சொத்தே அல்ல, ஆகவே வாரிசுரிமையாக எவருக்கும் வந்துசேரவும் இல்லை. அது அரசின் பணம். எடுத்தவர் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அடக்கச் செலவுக்குத்தானே எடுத்தோம் என்ற வாதம் இங்கே நிற்காது. பேரூராட்சியில் இறப்பைப் பதிந்துவிட்டால் கருவூலத்துக்கும் தானாகத் தெரிந்துவிடும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள்; குடும்பம் எழுதிக் கொடுக்காதவரை, ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கும் அடுத்த ஆண்டு நேர்காணலுக்கு ஆள் வரவில்லை என்பதைக் கொண்டுதான் பெரும்பாலும் அங்கே சந்தேகமே எழுகிறது. பாஸ்புத்தகத்தில் இறந்த தேதிக்குக் கீழே மாதம் தவறாத ஒரு வரவும், இரண்டு நாள் கழித்துப் பத்தாயிரம், பத்தாயிரமாக ஏ.டி.எம். பற்றும் இருப்பதைப் பார்க்கும் அதிகாரி அதை மறதி என்று எடுத்துக்கொள்வதும் மோசடி என்று எடுத்துக்கொள்வதும், நீங்கள் எவ்வளவு விரைவாக, எவ்வளவு வெளிப்படையாகப் பதில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இழுத்தடித்தால் குற்ற வழக்காகவும் மாறக்கூடும்.

ஆனால் முழுத்தொகையையும் கட்ட வேண்டியிருக்காது என்பதே என் கணிப்பு, ஏனென்றால் உங்கள் அம்மா இருக்கிறார். அப்பா இறந்த மறுநாளிலிருந்தே அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிடுகிறது. விண்ணப்பிக்கத் தாமதமானதால் அந்த உரிமை போய்விடாது, நிலுவையாக நிற்கும். அகவிலைப்படியை விட்டுவிட்டு, எளிய கணக்காக, அப்பாவின் ஓய்வூதியம் மாதம் 30,000 ரூபாய் என்றும் அம்மாவுக்கு உரியது 18,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்தில் தவறாக வந்தது 1,50,000; அதே ஐந்து மாதத்துக்கு அம்மாவுக்குச் சேர வேண்டியது 90,000. ஒன்றை மற்றொன்றில் ஈடு செய்தால் மீதி 60,000 ரூபாய்தான். ஆகவே இறப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தை உடனே கருவூலத்தில் கொடுத்து, அதே நாளில் ஈடு செய்யக் கோரும் மனுவையும் கொடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஈடு செய்யப்படுவது அம்மாவின் பணம். அட்டையில் எடுத்த அண்ணன் அந்த 90,000 ரூபாய்க்கு அம்மாவிடம் கணக்குச் சொல்ல வேண்டியவர்.

இரண்டாவது கோரிக்கையான 1,12,400 ரூபாய் வேறு வகை. அது அப்பா உயிரோடு இருந்தபோது பெற்றதாகச் சொல்லப்படும் தொகை. உண்மையென்று ஆனாலும் அது அவருடைய கடன், உங்களுடையது அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகளின்படி, இறந்தவரின் சொத்து எந்த அளவுக்கு வாரிசின் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவர் பொறுப்பாவார். உங்கள் சம்பளத்தையோ, கருங்கல்லில் உங்கள் கணவர் வீட்டையோ, ஸ்ரீதனமாக வந்த நகையையோ இதற்காகத் தொட முடியாது. அதே 52ஆம் பிரிவில் ஒரு கண்ணியும் இருக்கிறது: கைக்கு வந்த சொத்தை எப்படிச் செலவிட்டோம் என்று காட்ட முடியாத வாரிசின்மீது அந்த அளவுக்குத் தனிப்பட்ட முறையிலும் தீர்ப்பை நிறைவேற்றலாம். ஆகையால் அப்பாவின் வைப்புத்தொகை, ரப்பர் ஷீட் விற்ற பணம் முதலியவற்றுக்கு இன்றே ஒரு நோட்டில் வரவு செலவு எழுதத் தொடங்குங்கள். அண்ணன் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ரசீதுகளுக்கு இங்கேதான் மதிப்பு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், அடக்கச் செலவையும் இறப்பதற்கு முந்தைய ஒரு மாத மருத்துவச் செலவையும் மற்றக் கடன்களுக்கு முன்பாகச் சொத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறது.

அந்தத் தொகை கட்டாயம் கட்ட வேண்டியதுதானா என்பதே கேள்விக்குரியது. பஞ்சாப் அரசுக்கும் ரஃபிக் மசிக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஊழியரின் தவறின்றி நிர்வாகத்தின் பிழையால் கூடுதலாகப் போன தொகையை ஓய்வுபெற்றவர்களிடமிருந்தும், ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து கொடுக்கப்பட்ட நிலையிலும் பிடித்தம் செய்யக் கூடாது என்றது. கேரளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வழக்கிலும் 2022இல் அதே நீதிமன்றம் பிடித்தத்தை ரத்து செய்தது. எதிராகவும் ஒரு தீர்ப்பு உண்டு: ஊதிய நிர்ணயத்தின்போது ‘கூடுதலாகப் பெற்றால் திருப்பித் தருவேன்’ என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 2016இல் கூறப்பட்டது. அப்பா அப்படிக் கையெழுத்திட்டிருந்தாரா என்பதைப் பணிப்பதிவேடுதான் சொல்லும். அதன் நகலையும், மாதவாரியான கணக்குத் தாளையும், பிடித்தத்துக்கு ஆதாரமான ஆணையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்; அரசு தொடுக்கும் வழக்குக்குக் காலவரம்பு 30 ஆண்டுகள்.

இந்தத் தொகையை அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்போம் என்று சொன்னால் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். குடும்ப ஓய்வூதியம் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் பகுதி அல்ல என்று வயலட் ஐசக் வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்தாக இல்லாத ஒன்றிலிருந்து சொத்தின் கடனை எப்படி ஈடு செய்வது? அவர்கள் பிடிவாதமாக நின்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வீடு ஜப்தி என்பது அதற்கெல்லாம் பின்னால் வரும் கட்டம்; ஒரு கடிதத்தால் அது நடந்துவிடாது.

இனி உங்கள் அண்ணனின் கணக்கு. திருவிதாங்கூர் காலத்துக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் வீடுகளில் நீடித்தது. மேரி ராய் வழக்கில் 1986இல் வந்த தீர்ப்போடு சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. உயில் இல்லாவிட்டால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் மூவருக்கும் ஒன்பதில் இரண்டு பங்கு வீதம். ஸ்ரீதனம் வாங்கியது இதைக் குறைக்காது. சொத்தில் பங்கில்லை, கடனில் மட்டும் பங்கு என்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத கணக்கு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் பங்கைத் தீர்மானிப்பதில்லை என்றாலும், பெயர் விடுபட்டால் பிறகு அலைச்சல்.

கருவூலத்துக்கு அனுப்பும் பதிலில் இப்படி ஒரு வரி இருக்கட்டும்: ‘இறந்த தேதிக்குப் பின் வரவான தொகையை, எங்கள் தாயாருக்கு உரிய குடும்ப ஓய்வூதிய நிலுவையில் ஈடு செய்து, மீதியைச் செலுத்த வேண்டிய கணக்குத் தலைப்பைத் தெரிவிக்கக் கோருகிறோம், 1,12,400 ரூபாய் குறித்த கோரிக்கையை ஏற்கவில்லை, அதற்கான ஆவணங்களின் நகலைக் கோருகிறோம்.’ அம்மாவும் மூன்று பிள்ளைகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒப்படைத்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். ‘முழுத்தொகைக்கும் நான் பொறுப்பு’ என்ற வாசகத்தோடு அச்சடித்த படிவம் எதையாவது நீட்டினால், படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு வாங்கி வாருங்கள். அப்பாவின் ஏ.டி.எம். அட்டையை இந்த வாரமே வங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.