தாழ்த்திய காரில் ஏர் சஸ்பென்ஷனை நிறுத்தலாமா?

கேள்வி: சார், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை) உள்ள பழைய சொகுசு கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் சொந்தக்காரர் அழகுக்காக அதைத் தாழ்த்தி வைத்துவிட்டார், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல்கூட நுழையாது. போன வாரம் நீடாமங்கலம் பக்கத்தில் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கி டயரைக் கழற்றும்போதே உஸ்ஸென்று காற்று போகிற சத்தம். ஸ்டெப்னியை மாட்டி இறக்கினால் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, ஜாக்கியை உருவ முடியவில்லை. கம்ப்ரஸர் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள், தொல்லை விட்டது என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். அந்த ஃப்யூஸைப் பிடுங்கினால் வண்டி ஏறாதே தவிர, இறங்கும். காற்றை உள்ளே தள்ளுவதுதான் கம்ப்ரஸர் வேலை. வெளியே விடுவது வால்வு, அதைத் திறந்து மூடுவது சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர், அதற்குப் பெரும்பாலும் வேறு ஃப்யூஸ். ஆக அடுத்த பஞ்சரிலும் இதே கதைதான், திரும்பத் தூக்க ஆளில்லாமல் போவது மட்டும்தான் புதுசு.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஜாக்கியில் தூக்கியதும் சக்கரம் கீழே தொங்குகிறது. உயரத்தைப் பார்க்கும் சென்சாருக்கு ஜாக்கி தெரியாது, பாடி மேலே போய்விட்டது என்றுதான் தெரியும். உடனே அந்த மூலையின் காற்றை வெளியே விட்டுவிடுகிறது. பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் இந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் விழித்திருக்கும், கதவையோ டிக்கியையோ திறந்தால் மறுபடி எழுந்துகொள்ளும்.

இதற்காகவே பல கார்களில் 'ஜாக் மோட்' என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். கையேட்டைப் புரட்டினால் கிடைக்கும், திரை மெனுவில் போட்டுவிட்டு ஜாக்கி வைக்கலாம். அது இல்லாத வண்டியென்றால், எஞ்சினை அணைத்து, சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் ஃப்யூஸையே (கம்ப்ரஸருடையது அல்ல) எடுத்துவிட்டுத் தூக்குங்கள், வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள். நம் பக்கத்துக் களிமண்ணில், அதுவும் ஐப்பசி மழையில், ஜாக்கி தானாகவே புதையும், அடியில் ஒரு பலகை போடாமல் தூக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

சரி, நிரந்தரமாக நிறுத்திவிட்டு ஓட்டினால் என்ன என்பீர்கள். உங்கள் கார் இப்போது நிற்கிற உயரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தானியங்கிதான். அதை நிறுத்தினால், பின் சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசி வைத்தாலும் ஏற்றிக் கொடுக்க எதுவும் இருக்காது. மார்கழி விடியலில் குளிர் பத்து டிகிரி கூடினாலே உள்ளே இருக்கும் காற்று மூன்று சதவீதம்போலச் சுருங்கும், வண்டி அந்த அளவுக்குத் தணியும். கசிவு இருந்தால் கேட்கவே வேண்டாம். சில கார்களில் ஹெட்லைட்டின் ஏற்ற இறக்கமும் இதே சென்சாரை நம்பித்தான் இருக்கிறது, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

உங்களுக்கு வேண்டியது வேறு. ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்து, டார்ச் அடித்து, சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்மிலிருந்து உயர சென்சாருக்குப் போகும் பென்சில் கனத்துக் குச்சி ஒன்று இருக்கும், இரண்டு முனையிலும் சின்னப் பந்து மூட்டு. அதில் மரை போட்ட கம்பியும் நட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அது கம்பெனி குச்சி இல்லை, நீளத்தை மாற்றி சென்சாரை ஏமாற்றித் தாழ்த்தியிருப்பார்கள். நான்கிலும் அசல் குச்சியை மாட்டி, ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரில் இணைக்கும் கருவி) உயரத்தைச் சரிபார்த்து, அப்படியே அலைன்மென்டும் பாருங்கள். குச்சி அசல்தான் என்றால் ஸ்கேனரிலேயே அளவை மாற்றியிருப்பார்கள், அங்கேயே திருப்பிவிடலாம்.

டெல்டாவில் தாழ்ந்த கார் வைத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். இந்தியச் சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஊர்த் தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுவதற்கு எந்த அளவும் கிடையாது. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் கல் அடுக்கியிருக்கும், வைக்கோலும் பரப்பிக் கிடக்கும். அந்த வைக்கோல் அடியில் சுருண்டு சூடான சைலன்ஸரில் சிக்கினால் தீப்பிடிக்கும். தாழ்ந்த வண்டியில் அது சிக்குவது இன்னும் சுலபம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: என் வண்டி தாழ்த்தியது அல்ல. ஆனாலும் ராத்திரி நிறுத்தினால் காலையில் முன் இடது பக்கம் மட்டும் இறங்கிக் கிடக்கிறது. சென்சாரா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஒரே மூலை என்றால் முதலில் கசிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். சோப்புத் தண்ணீரை ரப்பர் பையின் மடிப்பிலும் குழாய் மூட்டிலும் தடவுங்கள், நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. காற்றுக்குழாய் மெல்லிய நைலான், வயல் எலிக்கு அது பிடிக்கும், அதனால் குழாய் போகும் வழி முழுக்கப் பாருங்கள். எங்கும் நுரை இல்லையென்றால் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சென்சார் அதற்கப்புறம், ஆனாலும் உப்புக்காற்றில் அதன் கனெக்டர் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி ஓடிக் கம்ப்ரஸர் எரிந்தால் குழாய்ச் செலவைப்போல பல மடங்கு ஆகும்.