அப்பாவின் சர்க்கரைக்கு வீட்டுக் கண்டிப்பு உதவுமா?

திண்டுக்கல் வாசகி கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு 64 வயது, 12 வருடமாகச் சர்க்கரை, மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 9.2. அம்மா இனிப்பு டப்பாவைப் பூட்டி வைக்கிறார், அண்ணன் தினமும் சத்தம் போடுகிறார், அப்படியும் குறையவில்லை. இன்னும் கண்டிப்பாக இருக்கலாமா?

வேண்டாம்மா. இருக்கிற கண்டிப்பையே குறையுங்கள்.

என்னிடம் வரும் ஒருவரிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மனைவிதான் பதில் சொல்வார், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அந்தம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போனதும் "சார், டீக்கடையில ரெண்டு பஜ்ஜி" என்றார் மெதுவாக. திட்டுக்குப் பயந்தவர் சாப்பாட்டை நிறுத்துவதில்லை, மறைக்கிறார். மாத்திரை விட்டுப்போனதையும் சேர்த்து மறைப்பார், அதுதான் ஆபத்து.

அப்பாவுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், எல்லார் தட்டிலும் சோறு குறைந்து காய் கூடட்டும். அண்ணன் சத்தம் போடும் நேரத்தில் அப்பாவோடு அரைமணி நடக்கலாம். டாக்டரிடம் அப்பாவோடு போங்கள், பதிலை மட்டும் அவரே சொல்லட்டும்.

உறவினர் யாராவது "இந்தப் பொடி போதும், மாத்திரையை நிறுத்து" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அன்பாகத்தான் அனுப்புவார், ஆனால் பின்னால் கமிஷன் வாங்குகிறவன் ஒருவன் இருப்பான். சர்க்கரையைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறது, பொடி வீடு வரைக்கும் வருகிறது! தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-லிருந்து மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது, நல்ல விஷயம். ஆனால் ஓபியில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால் எந்த டாக்டர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார்?

அப்புறம் அந்தப் பூட்டு. அப்பா கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், வீட்டில் அதைக் கோபம் என்று நினைத்துவிடுவார்கள். அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே கொடுக்க வேண்டும், 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும், தேறியதும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கித் தவிக்கிற மனிதர் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அம்மாவிடம் சொல்லி இன்றைக்கே பூட்டை எடுத்துவிடுங்கள்.