படித்த பிள்ளை தெருவில் நிற்கலாமா?

கேள்வி: நான் பத்தாவதோடு நின்றவன். நாட்டுப்படகில் கடலுக்குப் போய்த்தான் மகனை பி.இ. மெக்கானிக்கல் படிக்க வைத்தேன். முடித்து நாலு வருஷம் ஆகிவிட்டது. குரூப் 4 இரண்டு முறை எழுதினான், கிடைக்கவில்லை. இப்போது இவனைப் போலவே வேலையில்லாத பையன்களோடு சேர்ந்துகொண்டு திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனு, மாதத்துக்கு ஒரு ஆர்ப்பாட்டம் என்று அலைகிறான். கேஸ் கீஸ் விழுந்தால் வரவேண்டிய வேலையும் போய்விடாதா? படித்த பிள்ளை தெருவில் நிற்கலாமா? கலாம் ஐயா பிறந்த மண்ணில், அவரைப் போலப் படித்து முன்னேறாமல் கொடி பிடித்து என்ன ஆகப்போகிறது? இவனுக்கு அடுத்து பி.எஸ்ஸி. முடித்த மகளும் இருக்கிறாள். நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.
– வாசகர், தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சொல்கிறேன் ஐயா. ஆனால் உங்கள் மகனிடம் பேசுவதற்கு முன்னால் உங்களிடம் சிலது பேச வேண்டியிருக்கிறது. வருத்தப்படக் கூடாது.

கலாமிலிருந்தே தொடங்குவோம். சென்னை எம்.ஐ.டி.யில் சேரக் கையில் பணம் இல்லாமல், அவருடைய சகோதரி தன் நகையை அடகு வைத்தார். உங்கள் வீட்டைப் போன்ற வீடுதான் அது. படித்து முடித்ததும் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். அங்கே வந்திருந்தவர்கள் 25 பேர், இடம் 8. அவர் ஒன்பதாவதாக வந்தார், கிடைக்கவில்லை. மனம் உடைந்துதான் திரும்பினார். ஆனாலும் பாதுகாப்புத் துறையில் இன்னொரு வேலை காத்திருந்தது, 1958-ல் அதில் சேர்ந்தார்.

இப்போது உங்கள் மகன் எழுதிய தேர்வைப் பாருங்கள். 2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஒரு நாற்காலிக்கு 320 பேர். அதற்கு முந்தைய 2022 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஜூலையில் எழுதியதன் முடிவு மறு வருஷம் மார்ச்சில்தான் வந்தது. பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் தேர்வு அது. அந்த வரிசையில்தான் இன்ஜினியர் நிற்கிறார். கலாம் நின்ற வரிசையில் மூன்று பேருக்கு ஒரு இடம் இருந்தது. அவரைக் காட்டி உங்கள் மகனைக் குறை சொல்லாதீர்கள். வீட்டுக்குள் அப்பா சொல்லும் அந்த ஒரு வார்த்தை, தேர்வில் தோற்றதைவிட அதிகமாக வலிக்கும்.

இவன் ஒருவன் மட்டும் சோம்பேறியாகி உட்கார்ந்துவிடவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2022-ஆம் ஆண்டுக் கணக்கைத் தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 3.4 பேர், பட்டதாரி இளைஞர்களில் 29.1 பேர். படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் கிடைத்த கூலிக்கு மறுநாளே வலை இழுக்கப் போயாக வேண்டும், வேலையில்லாமல் இருக்கவே அவருக்கு வழியில்லை. படித்த பிள்ளையை வீடு தாங்குகிறது. 'இந்தப் பிழைப்பு என்னோடு போகட்டும், நீ கடலுக்கு வராதே' என்று சொல்லித்தானே நீங்களும் படிக்க வைத்தீர்கள்? அவன் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் கரையில் நிற்கிறான்.

போன வருஷம் தங்கச்சிமடம் பக்கம் ஒரு நண்டு கம்பெனி வாசலில் ஒரு பையனைப் பார்த்தேன். விடியற்காலை, நாட்டுப்படகுகள் வந்துகொண்டிருந்த நேரம். எடை போட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். முத்து முத்தான கையெழுத்து. பக்கத்தில் ஐஸ் பெட்டியின் மேல் பழைய கேள்வித்தாள்கள் கொண்ட தடித்த புத்தகம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அட்டையில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல் என்றான். "முப்பத்தொண்ணு ஆச்சு சார். யாராவது கேட்டா, படிச்சிக்கிட்டு இருக்கான்னுதான் வீட்ல இன்னும் சொல்றாங்க" என்றவன் அடுத்த கூடையை எடைக்கு இழுத்தான். அந்தப் பையன் எந்த ஆர்ப்பாட்டத்துக்கும் போனவன் இல்லை. உங்கள் மகன் தெருவில் நிற்பதை நினைத்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு அந்த ஐஸ் பெட்டிப் பக்கம் நிற்கும் பையன்களை நினைத்துத்தான் தூக்கம் வருவதில்லை. கேட்காமல், கோபப்படாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் அவர்களுக்கு வயது கழிந்துகொண்டிருக்கிறது.

சரி, கேஸ் விஷயம். மனு கொடுப்பது குற்றம் அல்ல. அனுமதி வாங்கி அமைதியாகக் கூடி நின்று கோஷம் போடுவதும் குற்றம் அல்ல. அப்படியும் வழக்கு ஏதாவது பதிவாகிவிட்டால் ஒன்றே ஒன்றைச் செய்யக் கூடாது: வேலை விண்ணப்பத்தில் அதை மறைக்கக் கூடாது. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறது. கேட்ட விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயமாக இருந்தால், அதைச் சொல்லாமல் விட்டதைக்கூட வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 'பொறுத்துக்கொள்ளலாம்' என்பதுதான் வார்த்தை, கட்டாயம் இல்லை. காவலர் வேலைக்கு விதி இன்னும் கடுமை. அந்தக் கனவு உள்ள பையன்கள் கூட்டத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கல்லை எடுப்பவனும் பஸ் கண்ணாடியைத் தொடுபவனும் அந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இதை உங்கள் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அப்புறம் அவனிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தம்பி, நீங்கள் கொடுக்கும் மனுவில் என்ன எழுதியிருக்கிறது? 'படித்த எங்களுக்கு வேலை வழங்க ஆவன செய்ய வேண்டும்' என்ற ஒற்றை வரியாக இருந்தால், அதற்கு ரசீது கிடைக்கும், வேறு எதுவும் கிடைக்காது.

வட ஆப்பிரிக்க நாடான மொராக்கோவில் வேலையில்லாப் பட்டதாரிகள் 1991-லேயே நாடு தழுவிய சங்கம் அமைத்தார்கள். ரபாத் நகரில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் வருஷக்கணக்கில் கூடினார்கள், தடியடி வாங்கினார்கள். குழு குழுவாகப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார்கள். யார் எத்தனை நாள் போராட்டத்துக்கு வந்தார்கள் என்று கணக்கும் வைத்தார்கள், அதிக நாள் வந்தவருக்கு வேலையில் முன்னுரிமை. 2011-ல் அரபு நாடுகள் கொதித்த நேரத்தில் அரசு பயந்து, பட்டியலில் உள்ளவர்களை நேரடியாக வேலைக்கு எடுக்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டது. அடுத்து வந்த அரசு, போட்டித் தேர்வு எழுதித்தான் வர வேண்டும் என்று கையை விரித்தது. 2012 ஜனவரியில் அங்கே சில பட்டதாரிகள் தங்களுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டார்கள், ஒருவர் இறந்தே போனார். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. அத்தனை வருஷ உழைப்பும் 'எங்கள் பட்டியலுக்கு வேலை' என்பதற்குள் முடங்கிப்போனதுதான் அவர்களுக்கு நேர்ந்த துயரம். பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எதிர்க்கரையைப் பார்ப்போம். இலங்கையில் 1971 ஏப்ரலில் படித்த சிங்கள இளைஞர்கள் ஆயுதம் எடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே வருஷம் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசக் குழு, பள்ளிக்கூடம் வளர்த்த ஆசைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் பொருத்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்தது. ஆனால் அரசுகள் பட்டதாரிகளை மொத்தமாக அரசுப் பணிக்குள் இழுத்துக்கொள்வதையே வழியாக்கிக்கொண்டன. 2020-லும் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுக்கும் திட்டம் அறிவித்தார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில் நாடே திவாலானது. 2022 மார்ச்சில் அங்கிருந்து தப்பி, கைக்குழந்தையோடு தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கியவர்களை நம் மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அரசு வேலை ஒன்றே வேலை என்று ஒரு தலைமுறையைக் காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

போராடக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் பாம்பன் சின்னப்பாலத்துக்குப் போ, தம்பி. அங்கே கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பாறையில் கை கிழியாமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி எடுப்பவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, அவர்கள் பிழைப்பே சட்ட மீறல் ஆகிவிட்டது. வனத்துறையினர் பாசியைப் பிடுங்கினார்கள், அபராதம் போட்டார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடம் தாண்டாத பெண்கள் அவர்கள். சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டு, அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். 2015-ல் அவர்கள் தலைவிக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. எங்களுக்கு வாழ வழி செய்யுங்கள் என்று அவர்கள் பொதுவாகக் கேட்கவில்லை. எந்த இடம், எத்தனை நாள், எப்படி எடுப்போம் என்று கணக்காகக் கேட்டார்கள்.

நீங்களும் கணக்கைக் கையில் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஆளுக்கு ஒரு அலுவலகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மீன்வளத்துறை, வருவாய்த்துறை, மின்வாரியம், அரசு மருத்துவமனை, ஊராட்சி ஒன்றியம் என்று ஒன்றையும் விடாதீர்கள். இந்த மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டப் பயன்பட்ட மாவட்டம் இது. இங்கே வந்தவர்கள் எப்போது மாறுதல் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வாசலில் நிற்கும்போது எந்த நாற்காலி எத்தனை வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது என்பது ஊருக்குத் தெரியட்டும்.

அரசு நாற்காலியோடு நிறுத்தாதீர்கள். 1947-ல் தொடங்கிய நாட்டின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பல வருஷம் தலைமையிடம் மண்டபம்தான். 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது, இங்கே கிளை மிஞ்சியது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்று 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் எத்தனை உள்ளூர் ஆட்களுக்கு வேலை, மெக்கானிக்கல் படித்தவனுக்கு என்ன பயிற்சி, எப்போது தொடங்கும்? இதெல்லாம் எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள். பாசியை உலர்த்தவும் அரைக்கவும் மீனைக் குளிரில் வைக்கவும் இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

ஐயா, கடைசியாக ஒன்று. மகனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மகளுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அவள் என்ன செய்கிறாள் என்று அதில் இல்லை. இவன் தெருவில் நிற்கிறான், அதனால் இவன் வேலையில்லாதவன் என்று ஊருக்குத் தெரிகிறது. அவள் அடுப்படியில் நிற்கிறாள், அவளை வேலையில்லாதவள் என்று யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. அண்ணனோடு அவளும் உட்கார்ந்து அந்த மனுக்களை எழுதட்டும்.

வருகிற திங்கட்கிழமை கடலுக்குப் போகாமல் இருக்க முடிந்தால், நீங்களும் அவர்களோடு போய் வாருங்கள். அங்கே அப்பா பக்கத்தில் நிற்கும் பிள்ளையை மிரட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. 30 நாள் கழித்து எந்தெந்த அலுவலகம் என்னென்ன பதில் தந்தது, எது தரவில்லை என்று நகல் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காலியிடக் கணக்கை ஒரு எண் விடாமல் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.