திரும்ப ஊற்றிய தண்ணீர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நீண்ட நடைகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதில் ‘ஏரியைச் சுற்றி வாளியுடன் நடந்த ஓஜிப்வே பூர்வகுடி மருத்துவச்சி ஜோசஃபீன் மண்டமின்’ என்று ஒரு வரி வருகிறது. நான் வசிப்பது கனடாவின் தண்டர் பே நகரில். அவர் வாழ்ந்த ஊர் இதுதான் என்பதே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தேடிப் படித்தேன். ஏரியில் ஒரு வாளி தண்ணீர் மொண்டு, வாரக்கணக்கில் சுமந்து நடந்து, மறுபடி ஏரியிலேயே ஊற்றியிருக்கிறார்கள். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதனால் என்ன பயன்? ஏரி ஒரு சொட்டுகூடச் சுத்தமாகியிருக்காதே. இன்னொன்று: மருத்துவச்சி என்றால் பிரசவம் பார்ப்பவர் அல்லவா? அவர் யாருக்கும் பிரசவம் பார்த்ததாக நான் படிக்கவில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் குட்டு வாங்கிக்கொள்கிறேன். மருத்துவச்சி என்பது அவசரத்தில் விழுந்த சொல். வைத்தியர் என்று எழுதினால் மூலிகைக் கடை நினைவுக்கு வருகிறது, மருத்துவர் என்றால் ஸ்டெதஸ்கோப் வந்துவிடுகிறது. இரண்டையும் தவிர்க்கப்போய் மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். ஓஜிப்வே மொழியில் மருந்துக்கு மஷ்கிக்கி என்று பெயர். மண்ணின் வலிமை என்று அவர்களுடைய முதியோர் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஜோசஃபீன் மிடேவிவின் என்னும் மருத்துவச் சடங்கு மரபில் தீட்சை பெற்றவர். அடிபட்டு வீட்டைவிட்டு ஓடிவந்த பூர்வகுடிப் பெண்களுக்கான புகலிடத்தில் உங்கள் ஊரிலேயே பணியாற்றியவர். ஆற்றுவது அவர் தொழில் என்று சொல்லலாம். காயத்தை ஆற்றுவது, சூட்டை ஆற்றுவது இரண்டும்.

1942-இல் மானிட்டூலின் தீவில் பிறந்தார். ஹியூரான் ஏரியில் இருக்கும் பெரிய தீவு அது. அவருடைய விக்வெமிகாங் மக்கள் தங்கள் நிலத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுத்ததில்லை, அதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. (மண்டமின் என்றால் மக்காச்சோளம். பெரிய ஆளுமைகளின் பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு தானியம் இருப்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.)

மிடேவிவின் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் பென்டன்-பனாய் 2000 வாக்கில் ஒரு முன்னறிவிப்பைச் சொன்னார். 2030-இல் ஒரு அவுன்ஸ் தண்ணீரும் ஒரு அவுன்ஸ் தங்கமும் ஒரே விலைக்கு விற்கும், அதற்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? இதைக் கணக்காக எடுத்துக்கொண்டு இன்னும் எத்தனை ஆண்டு என்று விரல் மடக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. ஜோசஃபீனைத் தூங்கவிடாமல் செய்தது முன்னறிவிப்பு அல்ல, கடைசியில் வந்த கேள்விதான். 2003 வசந்தத்தில் சில பெண்களோடு செப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு 61 வயது. முதலில் சுப்பீரியர் ஏரி, அவர்கள் மொழியில் கிச்சிகாமி. அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்ற நான்கு பெரிய ஏரிகள், பிறகு செயின்ட் லாரன்ஸ் நதி. எல்லாமாக 17,000 கிலோமீட்டருக்கும் மேல்.

நடையின் முறையைக் கொஞ்சம் பாருங்கள். விடியற்காலையில் தண்ணீரை எடுத்தால் அன்றைய நடை முடியும்வரை வாளி நிற்கக் கூடாது. ஆறு நிற்காதே, அதனால். வந்த வழியே திரும்பவும் கூடாது. நீளப் பாவாடை அணிந்த பெண்தான் சுமக்க வேண்டும், கழுகிறகுக் கோலை ஏந்தி ஆண் உடன் வரலாம். கை மாற்றுவதும் நடந்தபடியேதான். அடுத்தவள் பக்கத்தில் வந்து, அதே வேகத்துக்குக் கால் போட்டு, பிடியில் கையை வைத்து, ‘தண்ணீருக்காக இதைச் செய்கிறேன்’ என்று தன் மொழியில் சொல்லி வாங்கிக்கொள்கிறாள். லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கிறது இத்தனையும். வழியில் ஓடையோ ஆறோ குறுக்கிட்டால் ஒரு சிட்டிகைப் புகையிலையை அதில் காணிக்கையாக இடுகிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த மாலையில் நானும் ஒரு வாளியில் பாதிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்து பார்த்தேன். நான்காவது வீட்டைத் தாண்டுவதற்குள் தோள் பிடித்துக்கொண்டது, வலது செருப்பு தொப்பல். எதிர்வீட்டுக்காரர், “மோட்டார் ரிப்பேரா சார்?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன்.

பெண்தான் சுமக்க வேண்டும் என்பது ஏன்? பிள்ளையைத் தண்ணீரில் வைத்துச் சுமப்பவள் அவள், பிறப்புக்கு முன்னால் வருவதும் தண்ணீர் என்கிறார்கள் ஓஜிப்வேயும் அடங்கிய அனிஷினாபே இனத்து மூதாட்டிகள். இதைப் படித்ததும் எனக்கு நம் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது: பனிக்குடம். குடத்தைப் பெண்ணின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்ட மொழி நம்முடையது. ஆக, அவசரத்தில் விழுந்த என் சொல் அவ்வளவு தூரம் தவறி விழவில்லையோ என்று ஒரு சபலம்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏரி சுத்தமாகவில்லை, உண்மைதான். வாளி எந்தச் சட்டத்தையும் நேரே மாற்றவும் இல்லை. பயன் என்ற கோலால் அளந்தால் இந்த நடை கொஞ்சம் குட்டையாகத்தான் தெரியும். ஆனால் அதே கோலை மறுபக்கத்துக்கும் கொண்டுபோவோமே. வின்னிபெக் நகரம் 1919 முதல் ஷோல் லேக் என்னும் ஏரியின் நீரைக் குடிக்கிறது. சுமார் 150 கிலோமீட்டருக்குக் கால்வாய் கட்டி, பம்பு இல்லாமல், சரிவிலேயே ஓடவைத்த பொறியியல் சாதனை. அந்தக் கட்டுமானத்தில் ஷோல் லேக் 40 என்ற ஓஜிப்வே சமூகத்தின் நிலம் துண்டிக்கப்பட்டுத் தீவானது. நகரத்துக்குக் குழாயில் நீர் போய்க்கொண்டிருக்க, ஏரிக்கரையிலேயே வாழ்ந்தவர்களுக்கு 1997 முதல் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி உத்தரவு. சுத்திகரிப்பு நிலையம் வந்தது 2021-இல். வெளியே போக ஒழுங்கான சாலைகூட 2019-இல்தான். ஒண்டாரியோவின் வடக்கே நெஸ்கன்டாகாவில் அந்த உத்தரவு 1995-இல் போடப்பட்டது, கால் நூற்றாண்டு கடந்தும் எடுக்கப்படவில்லை. உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கை வைத்திருக்கும் பெரிய ஏரிகளின் தேசத்தில்தான் இதெல்லாம். பயன் தெரிந்தவர்கள் செய்த வேலைதான் அந்தக் கால்வாய். எடுத்த தண்ணீரைத் திரும்ப ஊற்ற வேண்டும் என்று மட்டும் அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நோயாளியின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவரிடம் காய்ச்சல் எத்தனை டிகிரி இறங்கியது என்று நாம் கேட்பதில்லையே. ஜோசஃபீன் ஏரிகளின் பக்கத்தில் இருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவள் அவருடைய பேத்தி முறை ஆகும் ஆட்டம் பெல்டியர் என்ற சிறுமி. 2016-இல், பன்னிரண்டு வயதில், கனடாவின் அப்போதைய பிரதமர் ட்ரூடோவின் முன்னால் நின்று, உங்கள் முடிவுகள் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லி அழுதுவிட்டாள். 2019-இல், ஜோசஃபீன் வகித்த தலைமை நீர் ஆணையர் பொறுப்பை அனிஷினாபெக் தேசம் என்னும் பூர்வகுடி அமைப்பு அவளிடம் கொடுத்தது. அது அழகியலா பயனா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஜோசஃபீன் 2019 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். அவர்கள் மரபில் போனவரின் பெயரோடு ‘பா’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள், நாம் அமரர் என்று முன்னால் சேர்ப்பதைப் போல. என் கட்டுரையில் அது விடுபட்டிருந்தது. நேற்று ‘ஜோசஃபீன்-பா மண்டமின்’ என்று திருத்திவிட்டேன். மருத்துவச்சியில் கை வைக்கவில்லை.