காபிச் சக்கையும் வெளிறிய நாற்றும்

கேள்வி: தம்பியின் காபிக் கடையிலிருந்து நாள்தோறும் மூன்று கிலோ, டிகாக்ஷன் இறக்கிய சக்கை வருகிறது. ரோஜாத் தொட்டிகளில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினேன். தக்காளி நாற்றுக்கான மண்ணிலும் பாதிக்குப் பாதி கலந்தேன். நாற்று வெளிறிவிட்டது, தொட்டியில் ஊற்றும் நீர் உள்ளே இறங்கவில்லை. காபியின் புளிப்பு மண்ணைக் கெடுத்துவிட்டதா? சுண்ணாம்பு இடலாமா? உரக்கடையில் ஒரு டானிக் தருகிறார்கள். சாணத்தை லோடு கணக்கில் விற்றுவிடுவதால் வீட்டில் எரு இல்லை.
– வாசகி, பாலக்கோடு

பதில்: சுண்ணாம்பு வேண்டாம். புளிப்பின் பெரும்பகுதி டிகாக்ஷனோடு இறங்கிவிடும். எஞ்சும் சக்கை பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும். தொட்டியின் மேற்பரப்பை நகத்தால் கீறிப் பாருங்கள்: சக்கை அப்பளம்போல் பெயர்ந்து வரும், அடியில் மண் பொடியாகக் காய்ந்திருக்கும். நுண்ணிய துகள்கள் இறுகி நீரைத் தடுத்துவிட்டன. நாற்றின் கதை வேறு. மட்காத சக்கையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தாமே எடுத்துக்கொள்ள, எஞ்சிய காஃபீனும் இளவேரை வளரவிடாமல் அடக்குகிறது. சக்கையில் தழைச்சத்து ஏறத்தாழ 2 சதவீதம் உண்டு என்றாலும், மட்கிய பிறகுதான் அது பயிருக்குக் கிடைக்கும். அந்த டானிக்கை வாங்காதீர்கள். மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் பாட்டிலை நீட்டுவது விற்பனையே தவிர ஆலோசனை அன்று.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது சாணத்தைப் பற்றி. தருமபுரி, கிருஷ்ணகிரிச் செம்மண்ணில் அங்ககச் சத்து, அதாவது சாணமும் இலைதழையும் மட்கிச் சேரும் சத்து, இயல்பாகவே குறைவு. அந்த மண்ணுக்குச் சேர வேண்டிய சாணத்தை லோடு ஏற்றி அனுப்பிவிட்டு, வந்த பணத்தில் டானிக் வாங்குவதையும், மாந்தோப்புச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு கூடைச் சாணமாவது நாள்தோறும் வீட்டில் நிற்கட்டும். நிழலில் ஒரு குழி எடுத்து, சருகு, சாணம், சக்கை என்று அடுக்கி வாருங்கள். மொத்தத்தில் சக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. பதினைந்து நாளுக்கொருமுறை புரட்டிவிட்டால் மூன்று, நான்கு மாதங்களில் மண்வாசனையோடு எரு கிடைக்கும்.

குழிக்கு மிஞ்சுவதை வெயிலில் காயவைத்தால் எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலி தேய்க்கவும், பூண்டு உரித்த கையின் வாடை போக்கவும் உதவும். சாக்கடைக் குழாயில் மட்டும் கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

இப்போதைக்கு ரோஜாத் தொட்டிகளில் உள்ள சக்கையைச் சுரண்டிக் குழியில் போட்டு, மேல்மண்ணைக் கொத்திவிட்டு நீர் ஊற்றுங்கள். நாற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். மட்கிய தென்னை நார்க்கழிவில் புதிதாக விதையுங்கள்.