கடையில உட்கார்ந்ததுக்கு 500 ரூபா பிடிச்சிட்டாங்க, இது சரியா அக்கா?

மதுரையில ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்ஷன்ல வேலை பாக்குற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வயசு 36, ஏழு வருஷமா அதே கடை, சம்பளம் 12,000. காலைல ஒன்பதரைக்கு உள்ள போனா ராத்திரி ஒன்பதரைக்கு தான் வெளிய வர்றாங்க, மத்தியானம் சாப்பிட அரை மணி நேரம். ரெண்டு காலுலயும் நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமா புடைச்சிருக்கு, ரொம்ப நேரம் நிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். போன மாசம் ஒரு மத்தியானம் மூணு மணிக்கு, கஸ்டமர் யாருமே இல்லாத நேரம், அஞ்சு நிமிஷம் ஒரு சேலை பண்டில் மேல உட்கார்ந்திருக்காங்க, அத கேமராவுல பாத்துட்டு சம்பளத்துல 500 ரூபா பிடிச்சிட்டாங்க. மேனேஜர் "உட்காரணும்னா வீட்டுல போய் உட்காரு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காரு. கவுண்டருக்கு அடியில ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்காம், ஆபீசர் யாராச்சும் வந்தா மட்டும் வெளிய எடுப்பாங்களாம். பாத்ரூம் போறதுக்கும் சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டு தான் போகணுமாம், அதுக்கு பயந்தே தண்ணி குடிக்கிறது இல்லன்னு எழுதியிருக்காங்க. வீட்டுக்காரர் லோடு ஏத்துற வேலை, ரெண்டு பிள்ளைங்க படிக்குது. "கேட்டா வேலை போயிடுமா அக்கா, கேக்காம இருந்தா கால் போயிடும் போல இருக்கு"ன்னு முடிச்சிருக்காங்க.

தங்கச்சி, உங்க கடைசி வரிய படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. கல்யாணத்துக்கு சேலை எடுக்க போனா நமக்கு குஷன் போட்ட சேர் போட்டு காபி குடுக்குறாங்க, நாம ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து நூறு சேலைய பிரிக்க சொல்றோம், அந்த நூறையும் பிரிச்சு மடிக்கிற பொண்ணு மட்டும் நின்னுக்கிட்டே இருக்கா. ஏன் நிக்கிறான்னு நாம யாரும் கேக்குறது இல்ல. சரி, இப்போ உங்க விஷயத்துக்கு வரேன்.

முதல்ல, உட்கார்றது உங்களுக்கு முதலாளி குடுக்குற சலுகை கிடையாது, சட்டமே சொல்லியிருக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ல வந்தது, அதுல 2021ல திருத்தம் பண்ணி 22-ஏ னு ஒரு பிரிவ புதுசா சேத்தாங்க. அந்த மசோதாவ 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில வச்சாரு. அந்த பிரிவு சொல்றது இவ்வளவு தான், ஒவ்வொரு கடையிலயும் அங்க வேலை பாக்குற எல்லாருக்கும் உட்கார தகுந்த வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல உட்கார வாய்ப்பு கிடைக்கிறப்போ அவங்க உட்கார முடியணும், வேலை நேரம் முழுக்க நின்னுக்கிட்டே இருக்குற நிலைமை வரக்கூடாது. நாள் முழுக்க நிக்கிறதால பலவிதமான உடம்பு பிரச்சனை வருதுன்னு மசோதாவோட நோக்கத்துலயே எழுதியிருக்காங்க, அதாவது உங்க கால்ல இருக்குற நீல நரம்ப பத்தி சட்டசபையிலயே பேசியாச்சு.

இதுல ஒரு வேதனையும் இருக்கு. நின்னு வேலை பாக்குற மில்லு தொழிலாளிக்கு உட்கார வசதி வேணும்னு தொழிற்சாலைகள் சட்டம் 1948லயே சொல்லிடுச்சு. கடையில நிக்கிற பொண்ணுங்களுக்கு அது வர 73 வருஷம் ஆயிருக்கு. அதுவும் சும்மா வரல, நமக்கு முன்னாடி கேரளாவுல 2018ல இதே மாதிரி திருத்தம் வந்துச்சு, அதுக்கு பின்னாடி கோழிக்கோடு மிட்டாய் தெருவுல தையல் வேலை பாத்த பி.விஜியும் அவங்க கூட சேர்ந்த கடைப் பொண்ணுங்களும் வருஷக்கணக்கா பண்ண போராட்டம் இருக்கு. அவங்க முதல்ல கேட்டது கக்கூஸ் வசதி, அப்புறம் தான் உட்கார நாற்காலி. நீங்க தண்ணி குடிக்காம இருக்கேன்னு எழுதினப்போ எனக்கு அந்த பொண்ணுங்க ஞாபகம் தான் வந்துச்சு.

கடைக்காரங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கு தெரியும், "ஸ்டூல் இருக்கே, நாங்க வாங்கி போட்டுட்டோமே"ன்னு சொல்வாங்க. அது செல்லாது. அடியில ஒளிச்சு வச்ச ரெண்டு ஸ்டூல் "எல்லாருக்கும் தகுந்த வசதி" ஆகாது. ஆனா ஒண்ணு நீங்களும் புரிஞ்சுக்கணும், கஸ்டமர் முன்னாடி நிக்கிறப்போ நான் உட்கார்ந்து தான் இருப்பேன்னு சொல்ல இந்த பிரிவுல இடம் இல்ல, வேலைக்கு நடுவுல கிடைக்கிற சும்மா நேரத்துக்கு தான் இது. மத்தியானம் மூணு மணி, ஆளே இல்லாத கடை, அந்த அஞ்சு நிமிஷம் அப்படியே இந்த பிரிவுக்குள்ள வருது.

அப்புறம் அந்த 500 ரூபா. சம்பளத்துல இஷ்டத்துக்கு அபராதம் பிடிக்க முடியாது. 1936 ஊதிய பட்டுவாடா சட்டமானாலும் சரி 2019 ஊதிய சட்டத் தொகுப்பானாலும் சரி, எந்தெந்த தப்புக்கு அபராதம்னு முன்கூட்டியே அரசோட ஒப்புதல் வாங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கணும், பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க கிட்ட விளக்கம் கேட்டிருக்கணும், இதெல்லாம் பண்ணாலும் ஒரு மாசத்துல சம்பளத்தோட 3 சதவீதத்துக்கு மேல பிடிக்க கூடாது. உங்க 12,000க்கு 3 சதவீதம் 360 ரூபா தான். அவங்க பிடிச்சது 500. அதுவும் சட்டம் உட்காரலாம்னு சொன்ன நேரத்துல உட்கார்ந்ததுக்கு.

ஆனா தங்கச்சி, நீங்க கேக்காத ஒண்ணு தான் இதுல எல்லாத்தையும் விட பெருசு. உங்க கால் கெட்டது ஸ்டூல் இல்லாததால மட்டும் இல்ல, மணி நேரத்தாலயும் தான். கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் தான் வேலை. நாலு மணி நேரம் வேலை பாத்தா ஒரு மணி நேரம் இடைவேளை விடணும், அரை மணி இல்ல. அதுக்கு மேல வேலை வாங்கினா ஓவர்டைம் சேத்தும் ஒரு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிய தாண்ட கூடாது, அந்த ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு சம்பளம். நீங்க பாக்குறது சாப்பாட்டு நேரம் போக பதினொன்றரை மணி. காசு குடுத்தாலும் அது தப்பு தான், உங்களுக்கு காசும் குடுக்கல.

நான் பேப்பர்ல கணக்கு போட்டு பாத்தேன். 12,000த்த 26 நாளால வகுத்து, 8 மணியால வகுத்தா ஒரு மணிக்கு ஏறக்குறைய 57 ரூபா 70 காசு வருது. ரெண்டு மடங்குன்னா 115 ரூபா 40 காசு. ஒரு நாளைக்கு கூடுதலா மூன்றரை மணி, அதாவது 400 ரூபாய்க்கு மேல. 26 நாளைக்கு கிட்டத்தட்ட 10,500 ரூபா. மாசா மாசம் உங்க சம்பளத்துக்கு பக்கத்துல இன்னொரு சம்பளத்த நீங்க கடைக்கு சும்மா குடுத்துட்டு வந்திருக்கீங்க. இத படிச்சு உங்களுக்கு கோவம் வரணும்னு தான் எழுதுறேன், ஏன்னா உங்க லெட்டர் முழுக்க பயம் தான் இருந்துச்சு. உங்க 12,000 குறைந்தபட்ச கூலிக்கு சரியா வருதான்னும் கேட்டு பாருங்க, அது வருஷா வருஷம் ஏப்ரல்ல பஞ்சப்படியோட மாறும்.

பாத்ரூம் விஷயம். 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கடைங்கள வருஷம் பூரா 24 மணி நேரமும் திறக்கலாம்னு 2019ல அரசு ஆணை போட்டுச்சு, அப்புறம் 2022ல நீட்டிச்சாங்க. அந்த அனுமதியோட நிபந்தனையிலயே ஓய்வறை, கழிவறை, பொருள் வைக்க லாக்கர் எல்லாம் குடுக்கணும்னு இருக்கு, பெண்கள ராத்திரி 8 மணிக்கு மேல சாதாரணமா வேலை வாங்க கூடாது, வாங்கணும்னா எழுத்து மூலமா சம்மதம் வாங்கி தகுந்த பாதுகாப்பு குடுக்கணும்னும் இருக்கு. உங்க கிட்ட அப்படி கையெழுத்து வாங்கினாங்களா? சேரும்போது ஏதாச்சும் வெள்ளை பேப்பர்ல கையெழுத்து போட்டிருந்தா அதையும் எனக்கு சொல்லுங்க.

இப்போ வேலை போயிடுமான்ற கேள்வி. பொய் சொல்ல மாட்டேன், கடைக்காரங்க தொல்லை குடுக்கலாம், நான் பாத்த கேஸ்ல குடுத்திருக்காங்க. ஆனா ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து வேலை பாத்தவங்கள நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்கு பதிலா ஒரு மாச சம்பளமோ குடுக்காமலும் நிறுத்த முடியாதுன்னு அதே சட்டத்தோட 41ஆம் பிரிவு சொல்லுது. நிறுத்தினா 30 நாளுக்குள்ள தொழிலாளர் துணை ஆணையர்ட்ட அப்பீல் போடலாம். அதனால அவங்க நேரா நிறுத்த மாட்டாங்க, "நீயே எழுதி குடுத்துட்டு போ"ன்னு தான் சொல்வாங்க. அங்க தான் நிறைய பேரு விழுந்துடுறாங்க. எந்த நிலைமையிலயும் ராஜினாமா எழுதி குடுக்காதீங்க. கேட்டுல நிறுத்தி உள்ள விடலன்னா அன்னைக்கே "இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், உள்ள விடல"ன்னு மேனேஜருக்கு வாட்ஸ்அப் போடுங்க, அடுத்த நாள் அதையே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க. இன்னொண்ணு, ஏழு வருஷத்துக்கு உங்களுக்கு பணிக்கொடை (கிராஜுவிட்டி) சேர்ந்திருக்கு, முழு சம்பளத்தையும் கணக்குல எடுத்தா 48,000 ரூபாய்க்கு மேல வரும். எந்த வழியில வேலைய விட்டாலும் அத விட்டுட்டு வராதீங்க.

புகார் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, உங்க கால். சம்பள சீட்டுல இஎஸ்ஐன்னு (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு) போட்டு 90 ரூபா பிடிக்கிறாங்களான்னு பாருங்க, உங்க சம்பளத்துக்கு 0.75 சதவீதம் அது தான், முதலாளி 3.25 சதவீதம் கட்டணும். பிடிச்சா நேரா இஎஸ்ஐ டாக்டர்ட்ட போய் கால காட்டி, நிக்கக்கூடாதுன்னு எழுதி வாங்குங்க. தனியார் டாக்டர் சீட்டு இருந்தாலும் பரவால்ல, இஎஸ்ஐ சீட்டுக்கு தான் பலம் அதிகம். அவங்க ரெஸ்ட் எழுதினா, தேவையான நாளுக்கு சந்தா கட்டியிருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத கூலி கிடைக்கும், அந்த பணம் வாங்குற நாள்ல உங்கள வேலைய விட்டு நிறுத்தவோ தண்டிக்கவோ கூடாதுன்னு இஎஸ்ஐ சட்டத்துலயே இருக்கு. நிறைய கடைப் பொண்ணுங்களுக்கு இந்த ஒரு பாதுகாப்பு இருக்குறதே தெரியல. பிடிக்கவே இல்லன்னா அதுவே தனி புகார்.

அதுக்கப்புறம் மனு. தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம், அந்த ஆபீஸ் மதுரையிலயே இருக்கு. தனியா போகாதீங்க, ஒரு பொண்ணு எழுதினா அவ மேல கோவம், பதினஞ்சு பேரு கையெழுத்து போட்டா அது கடைப் பிரச்சனை. உங்க கூட நிக்கிற பொண்ணுங்களுக்கும் அதே கால் வலி தானே. கையெழுத்துக்கு பயந்தா ஒரு தொழிற்சங்கம் மூலமா குடுக்கலாம், இல்லன்னா 1100க்கு போன் பண்ணி 'முதல்வரின் முகவரி'ன்ற அரசு புகார் பிரிவுல பதிவு பண்ணிட்டு, பேர வெளிய சொல்ல வேண்டாம்னு கேளுங்க. மனுவுல அழுகை எழுதாதீங்க, நேரம் எழுதுங்க. எத்தனை மணிக்கு உள்ள, எத்தனை மணிக்கு வெளிய, எத்தனை பேரு, எத்தனை ஸ்டூல், எந்த தேதி 500 பிடிச்சாங்க. இன்னைக்கு ராத்திரியில இருந்து ஒரு நோட்டுல தினமும் அந்த நேரத்த எழுத ஆரம்பிங்க, நோட்ட கடைக்கு எடுத்துட்டு போகாதீங்க. இன்ஸ்பெக்ஷன்க்கு வந்த ஆபீசர் என்ன எழுதினார்னு அப்புறம் 10 ரூபா கட்டி தகவல் உரிமை சட்டத்துல கேக்கலாம், 30 நாள்ல பதில் வரணும்.

வக்கீல் பீஸ நினைச்சு தயங்காதீங்க. பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டம் அப்படித்தான் சொல்லுது. மாவட்ட கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, போன்ல கேக்கணும்னா 15100.

வர்ற லீவு நாள்ல இஎஸ்ஐ போயிட்டு வாங்க. சம்பள சீட்டு, பேங்க் பாஸ்புக்ல சம்பளம் ஏறின பக்கம், 500 பிடிச்சது தெரியிற மெசேஜ், இதெல்லாம் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போன்லயும் ஒரு காப்பி வைங்க. மனுவ எழுதி முடிச்சதும் குடுக்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை அனுப்புங்க தங்கச்சி, திருத்தி தரேன். நாளைக்கு காலைல போறப்போ தண்ணி பாட்டில எடுத்துட்டு போங்க, குடிங்க.